போர்க்கால எம்பயர் கப்பல்: எல்லாம் சரி, அந்த ஹேட்ச் மூடியைத் தவிர

சான் பிரான்சிஸ்கோ போகும் நண்பர் ஒருவர், அங்கே நிற்கும் ஜெரிமையா ஓபிரையன் என்ற லிபர்ட்டி கப்பலை (இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய சரக்குக் கப்பல் வகை) பார்க்கப் போவதாகச் சொல்லி, "நீங்களும் லிபர்ட்டி கப்பலில்தானே இருந்தீர்கள், எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நான் இருந்தது லிபர்ட்டி இல்லை. அதற்கு மூத்தது. 1940இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாண்டைச் சேர்ந்த கப்பல் கட்டுநர் சிரில் தாம்ஸன் வரைபடங்களோடு அமெரிக்கா போய், பிரிட்டனுக்காக 60 கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தார். திரும்பும் வழியில் அவர் வந்த கப்பலை டார்பிடோ தாக்க, எப்படியோ தப்பினார். அதே வரைபடத்தைத் தங்கள் வசதிக்குத் திருத்தித்தான் அமெரிக்கர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் லிபர்ட்டிகளைக் கட்டித் தள்ளினார்கள்.

என் கப்பல் பிரிட்டனிலேயே கட்டியது. பிறந்தபோது 'எம்பயர்' என்று தொடங்கும் பெயர், போர்க்காலத்தில் பிரிட்டன் அரசு தன் சரக்குக் கப்பல்களுக்கு வைத்தது. போர் முடிந்து அரசு விற்றபின் கைமாறிக் கைமாறி, நான் மூன்றாம் மேட்டாக (டெக் அதிகாரிகளில் இளையவனாக) ஏறியபோது வேறு பெயர், வேறு கொடி. சுமார் 10,000 டன் சுமக்கும், 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கி.மீ.) ஓடும் என்பதெல்லாம் தெரிந்த கதை. ஓடும் என்பது காகிதத்தில். ஏடனை நோக்கித் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு எதிரே போகும்போது அதில் பாதி வந்தாலே பெரிது.

உடம்பைக் குறை சொல்ல மாட்டேன். வெல்டிங்கில் பற்றவைத்த லிபர்ட்டிகள் சிலவற்றில் குளிர்கடலில் விரிசல் விழுந்து ஓடியதுண்டு. எங்களுடையது பெரும்பாலும் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்தது. ஒரு தகட்டில் விரிசல் வந்தாலும் மூட்டைத் தாண்டி அடுத்த தகட்டுக்குப் போவது அரிது. நீராவி என்ஜின் மூன்று சிலிண்டர், நிமிடத்துக்கு எழுபது சொச்சம் சுற்று. நிலக்கரிக்காகக் கட்டியதை எண்ணெய்க்கு மாற்றியிருந்தார்கள். எந்தத் துறைமுகத்திலும் ஒரு நல்ல பட்டறை இருந்தால் சரிசெய்துவிடலாம்.

இனி ஹேட்ச், அதாவது சரக்கை உள்ளே இறக்க டெக்கில் விட்ட வாய். ஐந்து ஹேட்ச், ஒவ்வொன்றுக்கும் மர மூடி. முதலில் குறுக்கே எஃகு உத்தரங்களை டெரிக்கில் (கப்பலின் பாரந்தூக்கி) தூக்கி ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அதன்மேல் பலகைகள், ஒன்றுக்கு இரண்டு ஆள். பலகையில் ஹேட்ச் எண், வரிசை எண் எழுதியிருக்கும். இடம் மாறினால் உட்காராது. ஈரத்தில் ஊறினால் சொந்த இடத்திலேயே உட்காராது. மேலே தார்ப்பாய், ஒன்றல்ல, இரண்டு மூன்று. ஓரத்தை மடித்து இரும்புப் பட்டை வைத்து, மர ஆப்பு அடிக்க வேண்டும். பக்கவாட்டு ஆப்புகளை முன்னிருந்து பின்னாக அடிக்க வேண்டும், அலை மோதினால் இறுகும்படி. மாற்றி அடித்தவனை, டெக் ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு சும்மா விடமாட்டார். அப்புறம் தினமும் கப்பல் தச்சர் சுத்தியலோடு சுற்றி வருவார். மூன்றாம் ஹேட்ச் பிரிட்ஜுக்கும் (கப்பலை ஓட்டும் மேடை) புகைபோக்கிக்கும் நடுவில், என் கேபினுக்குப் பின்னாலேயே. இரவு வாட்ச் (காவல் முறை) முடித்துக் கண்ணை மூடினால் டக் டக்.

அறுபதுகளின் நடுவில் பிஎல்-480 கோதுமை, அதாவது அமெரிக்கா இந்தியாவுக்கு உணவு உதவியாக அனுப்பிய கோதுமை, ஏற்றினோம். அமெரிக்கச் சட்டப்படி அதில் பாதியாவது அமெரிக்கக் கொடிக் கப்பலில் போக வேண்டும். மீதி எங்களைப் போன்ற கிழங்களுக்கு. மெக்சிகோ வளைகுடாவில் ஏற்றி, சூயஸ் வழியாக மதராஸ் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல். வந்து சேர்ந்தது ஐப்பசி அடைமழையில். ஹோல்டில் (சரக்கறை) மூட்டை கட்டுகிறார்கள், வானம் கறுக்கிறது, மூடு! பலகை, தார்ப்பாய், ஓட்டம். அரை மணியில் வெயில். திற! ஈரம் பட்ட கோதுமை முளைத்துச் சூடேறும், நஷ்டஈட்டுக் கடிதம் வரும், அதைப் பற்றி எழுத வேண்டியது முதல் மேட்டு. ஆனால் ஏச்சு வாங்குவது அவருக்குக் கீழே இருப்பவன், அதாவது நான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், எஃகு மூடியை மெக்கிரேகர் சகோதரர்கள் அதே வடகிழக்கு இங்கிலாந்தில் 1920களின் இறுதியிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். போரில் நீர்மூழ்கிகள் மூழ்கடிப்பதைவிட வேகமாகக் கட்ட வேண்டியிருந்தது, மரம் போதும் என்று விட்டார்கள். நியாயம்தான். அந்த நியாயம் இருபது வருஷம் கழித்து மழையில் நின்றவனுக்கு எதற்கு? பின்னால் ஒரு புதுக் கப்பலில் ஒரே கம்பியை இழுத்ததும் ஹேட்ச் மொத்தமும் திறந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்தப் புதுக் கப்பலின் டீசல் என்ஜின், கேபினில் இருந்த தம்ளர்களை எல்லாம் ஆட்டியது. ஆறே மாதத்தில் அலுத்துவிட்டது. எம்பயரில் தூக்கத்தில்கூட அந்த மூன்று சிலிண்டரின் அடி கேட்கும். நின்றால் உடனே எல்லோருக்கும் விழிப்பு வரும்.

பழைய கப்பலில் மறுபடி வேலை என்றால் போவேனா என்று நண்பர் விடாமல் கேட்டார். இவ்வளவு திட்டிவிட்டும் சொல்கிறேன், போவேன். ஆனால் டெக்கில் இல்லை. கீழே, என்ஜின் அறையில் எண்ணெய் ஊற்றும் ஆளாக எடுத்துக்கொண்டால்.