முதல் ரோட்ஸ்டர்: மாடல் டி-யா, மாடல் ஏ-வா, 1932-ஆ?

ஹாட் ராட் (பழைய காரை வேறு எஞ்சினும் உறுப்புகளும் வைத்து வேகமாக ஓடும்படி மாற்றிய வண்டி) கட்டப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன எஞ்சின்?" என்பதுதான். என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. எந்தக் காரின் பாடியை எந்தச் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) மேல் உட்கார வைக்கப்போகிறீர்கள் என்பது முதலாவது. அந்தச் சேசிஸுக்கு அரசு ஒப்புக்கொள்ளும் காகிதம் கையில் இருக்கிறதா என்பது இரண்டாவது. இவை இரண்டும் முடிவாகாமல் எஞ்சின் வாங்கியவர்களின் கேரேஜில் அந்த எஞ்சின் தார்ப்பாய்க்குக் கீழே வருடக்கணக்கில் கிடக்கிறது.

போட்டியில் இருப்பவை மூன்றே கார்கள், மூன்றும் ஃபோர்டு. 1930-களில் தெற்குக் கலிபோர்னியாவின் மூரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பந்தயம் விட்டபோது, மலிவாகக் கிடைத்த பழைய கார்கள் இவைதான். அதிலும் கூரையில்லாத ரோட்ஸ்டர் எடை குறைந்தது. மட்கார்டுகளைக் கழற்றி, முன்கண்ணாடியையும் எடுத்துவிட்டால் இன்னும் குறையும். அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்தத் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் 1937-ல் உருவானது. இத்தனை வருடங்கள் கழித்தும் முதன்முறை கட்டுபவரின் முன் இருப்பவை அதே மாடல் டி, மாடல் ஏ, 1932 மாடல் ஆகியவைதான்.

இவற்றை அழகை வைத்தோ குதிரைத்திறனை வைத்தோ ஒப்பிடுவதில் பயனில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்களே யோசித்துத் தீர்க்க வேண்டிய இணைப்புகள் எத்தனை? ஹாட் ராட் என்பது வெவ்வேறு வருடத்து உறுப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் வண்டி. எஞ்சின் சேசிஸில் அமரும் இடம், ஸ்டீயரிங் தண்டு புகைக்குழாயைத் தாண்டிப்போகும் இடம், பிரேக் பெடல் குறுக்குச் சட்டத்தில் மோதும் இடம் என்று ஒவ்வொன்றும் ஒரு சிக்கல். சிலவற்றுக்கு விடை கண்டுபிடித்து, அதற்கான பிராக்கெட்டையும் செய்து விற்கிறார்கள். மற்றவற்றுக்கு நீங்கள்தான் அட்டையை வெட்டி அளவு பார்க்க வேண்டும். முதல் வண்டி பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைச் சிக்கல்களில்தான்.

மாடல் டி: சீக்கிரம் முடியும், சீக்கிரம் சலிக்கும்

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான கார். முன்பின் சக்கர இடைவெளி 100 அங்குலம். அதன் சேசிஸ் 20 குதிரைத்திறனுக்காகச் செய்யப்பட்டது. அதன் மேல் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை வைப்பவர் அரிது. ஆகவே ‘டி பக்கெட்’ என்று இன்று கட்டப்படுவதில் மாடல் டி என்பது உருவம் மட்டுமே. சதுரக் குழாய்களை வெல்டிங் செய்த புதிய சேசிஸ், தொட்டி போன்ற ஃபைபர் கிளாஸ் பாடி, பின்னால் ஒரு குட்டிச் சாமான் பெட்டி, அவ்வளவுதான். நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் 1952-ல் தொடங்கிய ஸ்பீட்வே மோட்டார்ஸ் போன்ற கடைகள் இதை முழுத் தொகுப்பாகவே விற்று வந்திருக்கின்றன.

இணைப்புகளின் கணக்கில் இதுதான் மிக எளிது. எஞ்சினுக்கு மூடி இல்லை. தொட்டியில் பெரும்பாலும் கதவே இருக்காது, ஏறிக் குதிக்க வேண்டியதுதான். கதவு இல்லாவிட்டால் கதவு இடைவெளியைச் சீராக்கும் வேலையும் இல்லை. தகரம் தட்டத் தெரியாதவருக்கு அது பெரிய வரம். வெல்டிங் தெரியாவிட்டாலும், சேசிஸைத் தயாராக வாங்கி ஒரு குளிர்காலத்தில் வண்டியை உருட்ட முடியும்.

ஆனால் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் மார்புக்கு வரும். குட்டையான வண்டி, பெரிய எஞ்சின், மெல்லிய முன்சக்கரம் என்ற கலவை நேரான சாலையில் சிரிப்பையும் ஈரச் சாலையில் வியர்வையையும் வரவழைக்கும். இரண்டு கோடைகள் ஓட்டியபின் விற்றுவிட்டு வேறொன்று தேடுபவர்கள் இதில்தான் அதிகம் என்பது என் எண்ணம். டி வரிசையில் எனக்குப் பிடித்தது 1926-27 ரோட்ஸ்டர். இரண்டு பக்கமும் திறக்கும் கதவு, முழுமையான பின்பகுதி, பந்தயத் தடத்துக்கே பிறந்தது போன்ற உருவம். அதை எடுத்தால் தொகுப்பு வாங்கும் சௌகரியம் போய்விடும். அப்போது மாடல் ஏ-யையே எடுத்துவிடலாம்.

1932: எல்லாம் கிடைக்கும், விலை கொடுத்தால்

‘டியூஸ்’ என்று கொண்டாடப்படும் இந்த மாடலின் புகழுக்கு வி8 எஞ்சின் ஒரு காரணம். கொள்ளளவு 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சாமானியர் வாங்கும் விலைக்கு வி8 வந்தது அப்போதுதான். ஆனால் ராட் கட்டுபவர்கள் மயங்குவது சேசிஸில். அதன் நீளச் சட்டங்களின் வெளிப்புறத்தில் ஒரு வளைகோடு அச்சிடப்பட்டிருக்கிறது. மட்கார்டுகளைக் கழற்றினால் அந்தக் கோடு வெளியே தெரிகிறது, வண்டி முழுமையாகவே இருக்கிறது. மாடல் ஏ-யில் மட்கார்டைக் கழற்றினால் வெறும் இரும்புச் சட்டம் பல்லிளிக்கும். 106 அங்குலச் சக்கர இடைவெளி, பின்னால் பெட்ரோல் டேங்க், ஒரே வருடம் மட்டும் வந்த அந்த கிரில் என்று எல்லாம் சேர்ந்து, பாடியைச் சேசிஸின் மேல் இறக்காமல் அப்படியே வைத்த ‘ஹைபாய்’ கோலத்தில் இதற்கு நிகர் இல்லை.

அசல் இரும்பு ரோட்ஸ்டர் அரிது, கிடைத்தாலும் கையைச் சுடும். ஆனால் ஒஹாயோவின் புரூக்வில் ஊரில் புத்தம்புது இரும்பு பாடி அச்சடிக்கிறார்கள். சேசிஸ், கிரில், டேங்க் என எல்லா உறுப்பும் புதிதாகக் கிடைக்கின்றன. 1932-ஆம் வருடத்துக் காரை 1932-ஐச் சேர்ந்த ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டிவிடலாம். அது வேடிக்கைதான், ஆனால் முதல்முறை கட்டுபவருக்கு நல்ல செய்தியும்கூட. துரு இல்லை, வளைவு இல்லை, துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இணைப்புச் சிக்கல்களை எல்லாம் காசு கொடுத்தே தீர்த்துவிடலாம். பணம் தடையில்லை என்றால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கத் தேவையில்லை.

நடுவழியாக ஃபைபர் கிளாஸ் டியூஸ் இருக்கிறது. துருப்பிடிக்காது, இரும்பைவிட மலிவு. ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் தரம் மலைக்கும் மடுவுக்கும் போல வேறுபடும். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம் பதித்த பாடியில் கதவு பத்து வருடம் கழித்தும் சரியாகச் சாத்தும். இல்லாததில் கீல்கள் தொய்ந்துவிடும். விற்கும்போது இரும்புக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது. மலிவான ஃபைபர் டியூஸுக்கும் இரும்பு மாடல் ஏ-க்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் ஏ பக்கம் போவேன்.

மாடல் ஏ: வேலை கேட்கும், ஆனால் கேட்பது தெரிந்த வேலை

1928 முதல் 1931 வரை நாற்பது லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால் அசல் சேசிஸும் உதிரிகளும் இன்றும் பழைய பொருள் சந்தைகளில் கைமாறுகின்றன. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் கூடும் சந்தையில் ஒரு நாள் நடந்தால் பாதி வண்டிக்கான பொருள் கண்ணில் படும். புதிய இரும்பு பாடியும் புரூக்வில்லிலிருந்தே வருகிறது. 1928-29, 1930-31 என இரண்டு உருவங்கள். முந்தையது சற்றுச் சிறியது, பழைமை அதிகம். பிந்தையதில் எஞ்சின் மூடி முடியும் இடத்திலிருந்து கதவு வரை கோடு தடங்கலில்லாமல் ஓடும்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சேசிஸின் சட்டங்கள் ஒருபக்கம் திறந்த மெல்லிய தகடுகள். வி8 வைத்தால் முறுக்கும். ஆகவே திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி வெல்டிங் செய்து பெட்டிச் சட்டமாக்க வேண்டும், நடுவில் புதிய குறுக்குச் சட்டமும் வேண்டும். பின் ஸ்பிரிங் அச்சுக்கு நேர் மேலே அமர்வதால் வண்டி உயர்ந்து நிற்கும். அதைத் தாழ்த்தப் பின் குறுக்குச் சட்டத்தை மாற்றி, முன்னால் நான்கு அங்குலம் தாழ்ந்த அச்சைப் போடுகிறார்கள். பெட்ரோல் டேங்க் இருக்குமிடம்தான் புதியவர்களைத் திடுக்கிடச் செய்கிறது: டாஷ்போர்டுக்கு உள்ளே, உங்கள் முழங்காலுக்கு மேலே! டேங்கின் மேற்பரப்புதான் பாடியின் மேற்பரப்பு. பம்ப் இல்லாமல் புவியீர்ப்பிலேயே பெட்ரோல் இறங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. வி8 வைப்பவர்கள் பெரும்பாலும் அதைக் காலியாக விட்டோ வெட்டியெடுத்தோ, பின்னால் வேறு டேங்க் வைக்கிறார்கள்.

இத்தனை வேலை இருந்தும் இதை ஏன் பரிந்துரைக்கிறேன்? இவற்றில் ஒன்றுகூடப் புதிர் இல்லை என்பதால்தான். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கானோர் செய்த வேலைகள் இவை. மூடும் தகடுகூட அளவாக வெட்டியே விற்கப்படுகிறது. செய்துமுடித்தால் வெல்டிங்கும் அளவெடுப்பும் கைவந்துவிடும். டியூஸை வாங்கிப் பூட்டியவருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

ஒரு கவர்ச்சிப் பொறி உண்டு: மாடல் ஏ பாடியை 1932 சேசிஸின் மேல் வைப்பது. படத்தில் பார்த்தால் மூன்றிலும் அழகு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏ-யின் சக்கர இடைவெளி 103.5 அங்குலம், டியூஸின் சட்டங்கள் விரியும் கோணமும் வேறு. பாடியின் அடிச்சட்டத்தை வெட்ட வேண்டும், தரையை மாற்ற வேண்டும், எஞ்சின் மூடியைத் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1950-ல் ஓக்லண்டில் ‘அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர்’ விருதை முதன்முதலில் வென்ற பில் நீகாம்பின் 1929 ரோட்ஸ்டர்கூட எஸ்ஸெக்ஸ் காரின் சட்டங்களின் மேல்தான் இருந்தது என்று யாராவது வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் அது முதல்முறை கட்டுபவர் பின்பற்ற வேண்டிய வழியில்லை.

இனி எஞ்சின்

மாடல் ஏ-யின் சொந்த நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டால் இணைப்புச் சிக்கல் பூஜ்யம். என் அளவுகோலின்படி அதுதான் வெல்ல வேண்டும். ஆனால் 200 கன அங்குலத்துக்கு 40 குதிரைத்திறன் என்றால், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அது சுகப்படாது. கிராமத்துச் சாலைகளில் மட்டும் ஓட்டுபவர் இதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம், ஏளனம் செய்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஃபோர்டின் பழைய வி8-ஆன பிளாட்ஹெட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. 1949-53 வகை 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன் அல்லது சற்று மேல். பழைய ஃபோர்டில் அது பிறந்த வீட்டில் இருப்பது போல அமரும். சிக்கல் பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலின்) உள்ளே இருக்கிறது. சூடான புகை பிளாக்குக்குள்ளேயே தண்ணீர் அறைகளின் ஊடாகச் சென்று வெளியேறுகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாய்கள். அதனால்தான் சூடேறுகிறது, அதனால்தான் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் விடுகிறது. காந்தத் துகள் சோதனையும் தண்ணீர் அழுத்தச் சோதனையும் செய்யாத பிளாட்ஹெட் பிளாக், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும், பழைய இரும்பு விலைக்கு மேல் பெறாது. லேத் பட்டறைச் செலவையும் கூட்டினால் புதிய செவ்ரோலே எஞ்சினையே வாங்கிவிடலாம்.

அந்தச் செவ்ரோலே ஸ்மால் பிளாக் 1955-ல் 265 கன அங்குலத்தில் வந்து, பிளாட்ஹெட்டின் அரசாட்சியை முடித்துவைத்தது. இன்று 350 கன அங்குல வகை எங்கும் கிடைக்கிறது, எந்த மூலையிலும் பழுது பார்ப்பார்கள். ஃபோர்டில் வைக்கும்போது ஒரே உறுத்தல், டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் உறுப்பு) எஞ்சினின் பின்முனையில் இருப்பது. ஓட்டுநருக்கு முன்னுள்ள தடுப்புத் தகட்டில் அது மோதும். தகட்டில் குழி எடுக்க வேண்டும், அல்லது குட்டையான வாட்டர் பம்ப் போட்டு எஞ்சினை முன்னே தள்ள வேண்டும். ஃபோர்டின் 302 கன அங்குல வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், அகலமும் குறைவு. பதிலுக்கு ஆயில் சம்ப் (அடியில் எண்ணெய் தேங்கும் பள்ளம்) முன்னால் தொங்கி ஸ்டீயரிங்கோடு இடத்துக்குச் சண்டையிடும். சம்ப் பின்னால் அமைந்த எண்ணெய்ப் பானை வாங்கி மாற்றினால் சரியாகிவிடும். தகட்டை வெட்டுவதைவிட பானை மாற்றுவது எளிது. ஃபோர்டில் ஃபோர்டு என்ற திருப்தியும் கூடுதல். நான் 302 கட்சி.

கியர்பாக்ஸுக்கு ஐந்து வேக டி5 போதும். செவ்ரோலே எஸ்10 பிக்கப்பில் வந்த வகையில் கியர் கம்பி முன்னால் இருப்பதால் ரோட்ஸ்டரின் குட்டை அறைக்குப் பொருந்தும். பிரேக் விஷயத்தில் விவாதமே வேண்டாம். ஃபோர்டு 1939-ல்தான் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) பிரேக்குக்கு மாறியது. அதற்கு முந்தைய கம்பி பிரேக்கை அப்படியே விட்டு வி8 வைப்பது தற்கொலை முயற்சி.

காகிதம்

மாடல் ஏ-யின் எண் பாடியில் இருக்காது, சேசிஸின் இடப்பக்கச் சட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கும். பாடி மேலே அமர்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் ‘டைட்டில்’ எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் சட்டத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள். முழுக்கப் புதிய சேசிஸும் பாடியும் வாங்கிக் கட்டினால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் தனியாகக் கட்டிய வண்டிகளுக்குப் புகைச் சோதனைச் சலுகை வருடத்துக்கு 500 சான்றிதழ்கள் மட்டுமே. இந்தக் கோணத்திலும் எண்ணும் பத்திரமும் உள்ள அசல் மாடல் ஏ சேசிஸ் முந்துகிறது. துருப்பிடித்திருந்தால்கூட எண் உள்ள பகுதியைப் பொன்போலக் காப்பாற்றுங்கள்.

ஆக, என் தேர்வு 1930-31 மாடல் ஏ. எண்ணுள்ள அசல் சேசிஸைப் பெட்டிச் சட்டமாக்கி, இரும்பு பாடி, தாழ்ந்த முன் அச்சு, 302, டி5, ஹைட்ராலிக் பிரேக். பாடியைச் சேசிஸின் மேல் கீழிறக்கிப் பதிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இறக்கும் ஒவ்வொரு அங்குலமும் உங்கள் கால் இடத்திலிருந்துதான் போகும். ஆறடிக்கு மேல் உயரம் என்றால், எதையும் வாங்குமுன் யாருடைய ஏ-யிலாவது அரை மணி நேரம் உட்கார்ந்து, கிளட்சை மிதித்துப் பாருங்கள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தால் என் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு டியூஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.