தூசி மீட்டரோடு இரண்டு வருடம்

சோமனூர் பக்கம் எங்கள் வீடு. சுவருக்கு அந்தப்பக்கம் தறிக்குடோன். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை தறியில் நின்றால் அப்பாவுக்கு நெஞ்சை இறுக்கும். அதற்காகத்தான் இந்தக் கையடக்க லேசர் மீட்டரை வாங்கினேன்.

உள்ளே ஒரு சின்ன ஃபேன் காற்றை இழுக்கிறது. லேசர் கதிரைக் கடக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். அந்த மினுக்குகளை வைத்து பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகாத நுண்தூசி, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. தூசியை எடை போடுவதில்லை.

முதல் நாள் தறிக்கு நடுவில் வைத்தேன். ஜன்னல் கம்பியில் பஞ்சு நூல்நூலாகத் தொங்குகிறது, அப்பாவின் புருவமெல்லாம் வெள்ளை. மீட்டரில் 38. அன்று இரவு, ஜன்னல் சாத்திக் கொசுவர்த்தி ஏற்றியிருந்த அப்பத்தா அறையில் 400-ஐத் தாண்டியது. நம் நாட்டுத் தரப்படி 24 மணி நேரச் சராசரி 60-க்குள் இருக்க வேண்டும்; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15.

"ஏங்கண்ணு, அப்பக் கொசு கடிச்சாப் பரவால்லையா?" என்று கேட்டது அப்பத்தா. கொசுவலை கட்டிக் கொடுத்தேன். இப்போது இரவில் 30, 40தான். கொடுத்த காசு இதற்கே தகும்.

ஆனால் அந்த 38-ஐ நம்பி, "குடோன் காற்றில் ஒன்றுமில்லைப்பா" என்று பல வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பெரிய தப்பு. பஞ்சுப் பிசிறு பெரும்பாலும் 2.5 மைக்ரானைவிடப் பெரியது. 10 மைக்ரான் வரையுள்ள தூசிக்கு பி.எம். 10 என்று மீட்டரில் இன்னொரு எண் வரும். பெரிய துகளை இந்தவகை சென்சார் சரியாகப் பிடிக்காது என்பதால் அதையும் நம்ப முடியாது. பஞ்சுத் தூசியால் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். லீவு முடிந்த முதல் நாள் நெஞ்சு இறுகுவதே அதன் அடையாளம். அப்பா சொன்னது அதைத்தான். மீட்டரை மூட்டை கட்டிவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

சரி, மற்ற விஷயங்கள். எட்டாவது மாதம் காற்று போகும் துளையைப் பஞ்சு அடைத்துவிட்டது. மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஐப்பசி மழைக் காலையில் ஈரம் ஏறிய துகள் உப்பிவிடும், எண் கூடுதலாகவே வரும். கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு எதுவும் இதற்குத் தெரியாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது இரண்டு ஜன்னலையும் திறந்தால், தாளிப்புப் புகைகூடப் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

அப்பா இப்போது மாஸ்க் இல்லாமல் குடோனுக்குள் போவதில்லை.