கோபுரத்துத் தொலைநோக்கியும் மாடிப்படி முட்டையும்

1880களின் ஸ்பானிய நாவல்களில் பெண்ணைப் பற்றிப் பேசுவோர் இரண்டு நாவல்களை அருகருகே வைக்காமல் இருக்க முடியாது: கிளாரின் எழுதிய 'லா ரெகென்தா' (1884–85), கால்தோஸ் எழுதிய 'ஃபோர்த்துனாத்தாவும் ஹசிந்தாவும்' (1886–87). இரண்டிலும் மணமான பெண் ஒருத்தி கணவனைத் தாண்டிச் செல்கிறாள். ஆனால் இருவரையும் நாம் முதலில் காணும் விதமே வேறு.

கிளாரினின் நாவல், பாதிரியார் ஃபெர்மின் தெ பாஸ் பேராலயக் கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியால் வெதுஸ்தா நகரத்தைத் துழாவுவதில் தொடங்குகிறது. ஒவியேதோ நகரத்தின் சாயலில் எழுந்த அந்த ஊரில் நாயகி அனா ஒசோரெஸைக் கண்காணிக்காத கண்ணே இல்லை. அவளுடைய சலிப்பையும் பக்திப் பரவசத்தையும் கிளாரின் அளவுக்கு நுணுகிப் பார்த்தவர் அரிது. எனினும் அவளுக்கென ஒரு செயல் வாய்க்கும்போது, வெறுங்காலுடன் புனித வெள்ளி ஊர்வலத்தில் நடப்பதுபோல, அதுவும் ஊருக்கு வேடிக்கையாகவே முடிகிறது.

கால்தோஸின் நாயகி ஃபோர்த்துனாத்தாவோ மத்ரித்தின் காவா தெ சான் மிகேல் தெருவில், ஒரு கட்டடத்தின் மாடிப்படியருகே பச்சை முட்டையை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்க்கும் ஹுவானித்தோ செல்வந்தன். அவளுடைய கதையை அவனே தேனிலவில் மனைவி ஹசிந்தாவுக்குத் தவணை தவணையாகச் சொல்கிறான் என்பதால் கால்தோஸும் ஆணின் பார்வையிலிருந்தே தொடங்குகிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறகு நாவல் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கணவன் மாக்ஸிமிலியானோ, கன்னியர் மடம், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஃபெய்ஹூ என ஆளாளுக்கு அவளைத் திருத்த முயல்கிறார்கள். அவளோ, பிள்ளை பெற்றவளே உண்மையான மனைவி என்ற தன் சொந்தச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, சாகும் தறுவாயில் ஹுவானித்தோவுக்குப் பெற்ற குழந்தையை ஹசிந்தாவுக்கு அனுப்பிவைக்கிறாள். மனத்தை ஆராய்வதில் கிளாரின் ஒரு படி மேல் என்றாலும், பெண்ணுக்கு ஒரு வாதத்தைக் கொடுத்தவர் கால்தோஸே என்பேன். அந்த வாதம் தாய்மையைச் சுற்றியே நிற்பது வேறு விஷயம்.

இருவருமே கொடுக்காத ஒன்று கூலி. அதை முன்னதாகவே கொடுத்தவர் பெண் நாவலாசிரியர் எமிலியா பார்தோ பசான்: 'லா த்ரிபூனா' (1883) நாவலின் அம்பாரோ புகையிலை ஆலைத் தொழிலாளி, சக பெண்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுபவள். காதலித்த அதிகாரி அவளைக் கைவிடுவது பழைய கதைதான். ஆனால் அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கையில், ஜன்னலுக்கு வெளியே ஆலைப் பெண்கள் குடியரசை வாழ்த்திக் கோஷமிட்டுச் செல்கிறார்கள்.