வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பக்கம் வந்தால் நம்பாதீர்கள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். ஜூன் மாதம், பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம், வைஃபை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. வெளியே லாரிகள் நிற்கின்றன, எடைச் சீட்டு அனுப்ப வழியில்லை. ரூட்டர் பொருத்திக் கொடுத்தவரை அழைத்தேன். வந்தார், சுவரை அண்ணாந்து பார்த்தார், "சிக்னல் போதவில்லை அண்ணா" என்றார். 3,500 ரூபாய்க்கு ஓர் எக்ஸ்டெண்டரை மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாளும் அதே கூத்து. கணக்கு எழுதும் பையனின் போனில் ஒரு பக்கம் திறந்தது: 'ரூட்டரைப் புதுப்பிக்க வைஃபை கடவுச்சொல்லை உள்ளிடவும்'. பாவம், உள்ளிட்டுவிட்டான். உடனே இணைப்பு நிலைத்தது. எக்ஸ்டெண்டர் பலே என்று மெச்சியது நான்தான்! இரண்டு நாளில் ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள். அதற்குப் பெரிய திறமை தேவையில்லை. பெட்டியோடு வந்த 'அட்மின்' என்ற கடவுச்சொல் அப்படியே இருந்தது.

ஓசூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் மைத்துனன், பையன் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிக் காட்டினான். வைஃபை பட்டியலில் எங்கள் மண்டியின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் அருகே பூட்டு, மற்றதில் இல்லை.

"பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம் மாமா. உங்கள் போன்களைத் துண்டிக்கச் சொல்லிப் பொய்க் கட்டளையை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சலித்துப்போய்ப் போலியில் இணைவீர்கள் என்பதுதான் கணக்கு."

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், தனிப் பாதுகாப்பை இயக்காவிட்டால், அந்தக் கட்டளை யாருடையது என்று போன் சரிபார்ப்பதில்லையாம். அதற்கான தீர்வு 2009-லேயே வந்துவிட்டது. 2018-இல் வந்த அடுத்த பதிப்பான டபிள்யூபிஏ3-இல் அது கட்டாயம். அந்தப் பாதுகாப்பு என் ரூட்டரிலும் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டு.

ரூட்டரை ரீசெட் செய்து, இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றி, பொத்தானை அழுத்தியே இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, டபிள்யூபிஏ3-க்கு மாற்றினான். இரண்டு பழைய போன்கள் இணைய மறுத்தன. லாரிக்காரர்களுக்கென்று போட்ட விருந்தினர் இணைப்பில் அவற்றைத் தள்ளினோம். இத்தனைக்குப் பிறகும் அதே பெயரில் இன்னொருவன் கடை விரிக்கலாம். அதனால் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: கடவுச்சொல்லைப் போனின் வைஃபை அமைப்பில் மட்டும் போடு, புதுப்பிக்க வேண்டும் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் மூடிவிட்டு என்னைக் கூப்பிடு.

எக்ஸ்டெண்டரைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். "தப்பு உங்கள் பையனுடையது" என்றார் பொருத்தியவர். போன வாரம் வருடப் பராமரிப்புக்கு ரசீது அனுப்பியிருக்கிறார்.