நம்ம ‘க்குள்’ளுக்கு ஆங்கிலத்தில் எது: பையா (by), விதினா (within)?

பத்தமடைப் பாய்களை வெளியூருக்கு அனுப்புகிற வேலை எனக்கு. கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரையும் கோரையிலேயே நெய்து தருவார்கள். ஆர்டர் எல்லாம் மின்னஞ்சலில் வரும், பதிலும் ஆங்கிலத்தில்தான் போகும். அதில் ‘எப்போது கிடைக்கும்’ என்ற ஒரு வரிக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தேதி சொல்ல முடிந்தால் ‘பை’தான்.

காலம் சொல்ல வரும் மற்ற ஆங்கிலச் சொற்களில் சின்ஸ் (since), ஃபார் (for) இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘பத்து வருஷமாக’ என்றால் ஃபார், ‘2015-லிருந்து’ என்றால் சின்ஸ். ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதுவது நம் பக்கம் ரொம்பச் சாதாரணம், ஆனால் தப்பு.

டில்லும் (till) அன்டிலும் (until) பொருளில் ஒன்றுதான். டில் என்பது அன்டிலின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் டில்தான் பழைய சொல். இரண்டுமே நம்ம ‘வரை’. கடை எட்டு மணி வரை திறந்திருக்கும் என்றால் டில். அதுவரை ஒரு செயல் விடாமல் நடக்கிறது. ‘20-ஆம் தேதி டில் அனுப்புவோம்’ என்று எழுதினால், அன்றுவரை தினமும் பாய் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும்.

சிக்கலே ‘க்குள்’ளில்தான். தமிழில் ‘20-ஆம் தேதிக்குள்’ என்கிறோம், ‘20 நாளைக்குள்’ என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே விகுதி. ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. தேதிக்கு பை, நாள் கணக்குக்கு விதின். ‘விதின் 20-ஆம் தேதி’ என்று எழுதுவது நம்ம ‘க்குள்’ அப்படியே ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால்தான்.

இலக்கணத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் சரியான சொற்களே. பிறகு ஏன் பை பக்கம் சாய்கிறேன் என்றால், விதினில் ஒரு கேள்வி எப்போதும் மிச்சம் இருக்கும். எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு பெங்களூரிலிருந்து ஒரு வீட்டார் கல்யாணப் பாய் கேட்டார்கள். ஆகஸ்ட் 3-ஆம் தேதி ‘விதின் 20 டேஸ்’ என்று பதில் போட்டேன். முன்பணம் 9-ஆம் தேதி வந்தது. அவர்கள் என் கடிதத்திலிருந்து எண்ணி 23-ஆம் தேதி என்று வைத்துக்கொண்டார்கள். நான் பணம் வந்த நாளிலிருந்து எண்ணினேன். என் கணக்குக்கு 29. கல்யாணமோ 27-ஆம் தேதி. பாயை 28-ஆம் தேதி கூரியரில் போட்டேன், என் கணக்கில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போட்ட பாய், முகூர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்றுவரை மனதை அறுக்கிறது.

இந்தக் குழப்பம் சட்டத்துக்கே உண்டு. 1897-ஆம் வருடத்துப் பொது உட்பிரிவுகள் சட்டத்தில் 9-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. மத்தியச் சட்டங்களில் ‘ஃப்ரம்’ என்று போட்டால் முதல் நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ‘டு’ என்று போட்டால் கடைசி நாளும் சேரும். சட்டமே இப்படி உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது என்றால், பாய்க்காரனும் கல்யாண வீட்டாரும் தனித்தனியாக எண்ணியதில் என்ன ஆச்சரியம்? ‘பை 23’ என்று எழுதியிருந்தால் எண்ணுகிற வேலையே இல்லை. 23-ஆம் தேதியும் அதில் அடக்கம். ‘பிஃபோர் 23’ என்றால் 22-லேயே முடிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘இன் 20 டேஸ்’ வேறு. அது பெரும்பாலும் ‘இன்றிலிருந்து 20 நாள் கழித்து’ என்ற பொருளில் வரும். இதற்கு நாம் ‘ஆஃப்டர் 20 டேஸ்’ என்று எழுதிவிடுகிறோம். படிக்கிறவருக்கு அது இருபது நாளுக்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் என்று ஆகிவிடும்.

பை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாயம் போட்ட கோரை காய வெயில் கிடைக்காது. அப்போது தேதி கொடுப்பது பொய் சொல்வது மாதிரி. ‘இன் அபௌட் 40 டேஸ்’ என்றே எழுதுகிறேன். நான் பேசுவது பாய் வியாபாரக் கடிதங்களை வைத்து மட்டும்தான். டெண்டர், ஒப்பந்தம் மாதிரி எழுத்துகளில் விதின் இல்லாமல் முடியாமல் போகலாம்.

மற்ற மாதங்களில் என் வரி இப்போது இதுதான்: முன்பணம் ‘பை 9’ வந்தால், பாய் பத்தமடையை விட்டு ‘பை 25’ கிளம்பும். கிளம்புவதும் சேர்வதும் வேறு என்பதால், சேரும் தேதியைத் தனியாக எழுதுகிறேன்.

போன வாரம் தறிக்காரம்மாவிடம் போனில் கேட்டபோது, “இருபதுக்குள்ள முடிச்சிருவோம் அண்ணாச்சி” என்றார்கள்.

“இருபதாம் தேதிக்குள்ளயாம்மா, இருபது நாளைக்குள்ளயா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.