கட்டில்லாத பின்னா, கயிறு கட்டிய பின்னா?

பௌலிங் தளத்தில் பந்தை உருட்டி வீழ்த்தும் பத்துப் பின்களை, அதாவது புட்டி வடிவக் கட்டைகளை, அடுக்கும் இயந்திரம் இன்று இரண்டு வகை. கயிறில்லாமல் விழவிட்டு அள்ளுவது ஒன்று. 1946-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஏ.எம்.எஃப். நிறுவனம் காட்டிய இயந்திரத்தின் வழிவந்தது. ஒவ்வொரு பின்னின் தலையிலும் கயிறு கட்டியது மற்றொன்று.

முதல் வகையைச் சேர்ந்த பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ஏ-2 இயந்திரத்தைப் பின்பக்கம் நின்று பார்த்தால் அசந்துபோவீர்கள். விழுந்த பின்களைக் குழியில் ஓடும் பட்டை பின்னால் தள்ளும். பெரிய சக்கரம் அள்ளி மேலேற்றும். ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகத் திரும்பிக் கூடையில் நிரம்பும். பிறகு பத்தும் ஒன்றாக இறங்கும். சறுக்கி நகர்ந்து நிற்கும் பின்னை அந்த இடத்திலேயே பிடித்துத் தூக்கி, அதே இடத்தில் வைக்கும். இத்தனைக்கும் பெல்ட், பேரிங், கிரீஸ் என்று ஓயாத வேலை. பின் சிக்கினால் மின்சாரத்தை அணைத்த பிறகே உள்ளே கை வைக்கவேண்டும். தேர்ந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும், அவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

கயிறு வகையில் மோட்டார் இழுக்கும், இறக்கும், அவ்வளவுதான். மின்செலவு குறைவு. கயிறு முறுக்கிக்கொண்டால் பெரும்பாலும் இயந்திரமே தூக்கி உதறிச் சரிசெய்துகொள்ளும். தேய்ந்த கயிற்றை ஊழியரே மாற்றிவிடலாம். ஆனால் விழாமல் நகர்ந்து நிற்கும் பின் பழைய புள்ளிக்கே திரும்பிவிடும், கயிறு பக்கத்துப் பின்னையும் இழுத்துவிடும். அமெரிக்காவில் இந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் 2023-இல் கயிறு வகை ஆட்டத்தைத் தனிப் பிரிவாக அங்கீகரித்தது நியாயமே.

குடும்பங்கள் வந்துபோகும் மால் என்றால் கயிறே போதும். லீக் ஆடுபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வருவார்கள்.