58 பாயின்ட் வயரிங்: திங்கள்சந்தை எலக்ட்ரீஷியனின் வேலை எப்படி?

தக்கலை பக்கம் உள்ள எங்கள் வீடு 1984-இல் அப்பா கட்டியது. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் கான்கிரீட். மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயர், பீங்கான் ஃபியூஸ், எர்த் இல்லாத பிளக். போன வருஷம் ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்ட மகளுக்குக் கரன்ட் அடித்தது. இனித் தள்ளிப்போடக் கூடாது என்று ஆள் தேடினேன்.

முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே, "ஒரு லட்சம் ஆகும் டீச்சரே" என்றார். எதற்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை.

அடுத்து வந்தவர்தான் திங்கள்சந்தைக்காரர். முதல் நாள் அவர் டூல் பையையே திறக்கவில்லை. அறை அறையாக என்னோடு நடந்து, கட்டில் எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, நாளைக்கு ஏசி வைப்பீர்களா என்று கேட்டு நோட்டில் எழுதினார். லைட், ஃபேன், பிளக் என்று இணைப்பு வேண்டிய இடங்கள் மொத்தம் 58 பாயின்ட். பாயின்டுக்கு 400 ரூபாய் வீதம் கூலி 23,200. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4. எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட செம்பு வயர். சாமானை நானே கடையில் வாங்கினேன். அவர் எழுதியது 61,000, ஆனது 63,400.

மழையில் சுவரை வெட்டினால் பூச்சு காயாது என்று தை மாதம் வரை காத்திருக்கச் சொன்னதும் அவர்தான். 9 நாள் என்ற வேலை 12 நாள் இழுத்தது. ஆனாலும் ஒரு ராத்திரிகூட எங்களை இருட்டில் விடவில்லை.

ஒரே குறை: வெட்டிய சுவரைப் பூசவும் பெயின்ட் அடிக்கவும் 22,000 ஆனது. "அது என் கணக்கில் வராது" என்று முன்பே சொன்னார், சரிதான். தோராயமாக ஒரு தொகை சொல்லியிருந்தால் அதையும் எடுத்து வைத்திருப்பேன்.

எர்த்துக்குப் புதிதாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டார். மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சை மாட்டிய அன்று அது தானாக ஆஃப் ஆகிக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் போகாமல் ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்து, பழைய ஹீட்டரில் மின்கசிவு இருப்பதைக் கண்டுபிடித்தார். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த அரை நாளுக்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

கிணற்று மோட்டார் லைன் மட்டும் பாக்கி. அதற்கும் அவரைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.